ராய்ஸ் பரண்

செப்டம்பர் 3, செவ்வாய்

காலுக்குப் பயிற்சி கொடுக்க வரும் பெண் இந்த நோட்டை வைத்துவிட்டுப் போனாள். தினமும் ஒரு வரியாவது எழுத வேண்டுமாம். எழுதினால் மனம் லேசாகுமாம். நல்ல பெண்தான். ஆனால் உலகம் தெரியாது.

இன்றைய வரி: பத்து மணிக்கு மனைவி மார்லிஸ் எழுப்பி நாற்காலியில் உட்காரவைத்தாள். இருட்டியதும் திரும்பப் படுக்கவைத்தாள். நடுவில் ஒன்றுமில்லை.

செப்டம்பர் 5, வியாழன்

அலாரம் கடிகாரத்தை மார்லிஸ் பக்கம் தள்ளிவைத்துவிட்டேன். மரம் வெட்டப் போன காலமெல்லாம் விடியுமுன் என்னை எழுப்பிய கடிகாரம். இனி எதற்காக எழுந்திருக்க?

செப்டம்பர் 8, ஞாயிறு

தம்பி எல்டன் வந்தான். கையில் அவன் மனைவி ஜெனீன் மாவில் இறைச்சி பொதிந்து சுட்டுக் கொடுத்த பேஸ்டி, இன்னும் சூடாக. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துத் திருகிக்கொண்டே இருந்தான். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது, ஏதோ வில்லங்கம் என்று.

“அண்ணே, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?”

“கேட்டுத் தொலை.”

“உன் பரண் அங்க சும்மாதானே நிக்குது. அதை என் ஓடைக்கரைக்கு மாத்திக்கட்டுமா?”

எங்கள் பக்கத்தில் ஒருவன் பரணில் இன்னொருவன் ஏற மாட்டான். அவன் ஊரில் இல்லாவிட்டாலும் ஏற மாட்டான். பரணுக்கு ஆள் பெயர்தான் பெயர். மான் வேட்டைக்கு ஏறி உட்கார, மேப்பிள் மரத்தில் சாய்த்துக் கட்டிய அந்த ஏணிப்பரண் ராய்ஸ் பரண். ஒருவனுடைய பரணைக் கேட்பதென்றால் அவனைப் புதைத்த பிறகு, அவன் பெண்டாட்டியிடம் கேட்பார்கள்.

“நான் இன்னும் சாகலைடா” என்றேன்.

“ஐயோ, நான் அந்த அர்த்தத்துல கேக்கலை அண்ணே.”

வேறு எந்த அர்த்தம் இருக்கிறது? பேஸ்டியை நான் தொடவில்லை. அவனே அதில் பாதியைத் தின்றுவிட்டுக் கிளம்பினான்.

செப்டம்பர் 9, திங்கள்

அவன் கேட்டதில் தப்பில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

செப்டம்பர் 14, சனி

மழை. எழுதித்தான் பார்ப்போமே.

போன நவம்பர் பதினைந்து, மான் வேட்டை தொடங்கும் நாள். இருட்டிலேயே ஏறினேன். உட்காரும் பலகைக்குக் கீழே, பரணை மரத்தோடு சேர்த்து இறுக்கியிருந்த நைலான் பட்டையை முள்ளம்பன்றி கடித்து நாராக்கியிருந்தது. மனிதர் கை பட்ட இடத்தில் வேர்வை உப்பு இருக்கும், அந்த ருசிக்கு அது எதையும் கடிக்கும். இடுப்பில் காப்பு வார் இருந்தது. ஆனால் அதை மேலே போய் உட்கார்ந்த பிறகு மரத்தில் மாட்டுவதுதான் எங்கள் எல்லோருக்கும் பழக்கம். ஏறும்போது யார் மாட்டுகிறார்கள்? கடைசிப் படிக்கு வந்தபோது ஏணி பக்கவாட்டில் சரிந்தது.

முதுகு ஒடிந்து, கால் அசையாமல், பகல் முழுவதும் பனியில் கிடந்தேன். யாரும் வரவில்லை. வர மாட்டார்கள். பரணில் இருப்பவனை இருட்டும்வரை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது, மான் கலைந்துவிடும். இருட்டிய பிறகுதான் எல்டன் டார்ச்சோடு வந்தான். என்னைப் பார்த்ததும் “அண்ணே, படுத்துத் தூங்கறியா?” என்று கேட்டான். பாவம், பயத்தில் என்ன பேசுகிறோம் என்றே அவனுக்குத் தெரியவில்லை.

மறுவாரமே அவன் அந்தப் பரணை நிமிர்த்தி, புதுப் பட்டை போட்டு, பழைய இடத்திலேயே கட்டியிருக்கிறான். நான் திரும்பி வந்து ஏறுவேன் என்று. ஆஸ்பத்திரியில் வந்து சொன்னான். இப்போது அவனே அதைக் கேட்கிறான் என்றால்—

துப்பாக்கி அலமாரியின் சாவி அதன் ஆணியில் இல்லை. ஜூன் மாதத்திலிருந்தே இல்லை. எங்கே ஒளித்தாய் என்று நான் கேட்கவில்லை, மார்லிஸும் சொல்லவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

எல்டனுக்குப் போன் செய்து “எடுத்துக்கோ” என்று சொல்லிவிட்டேன். அவனுக்கு ஒரே உற்சாகம்.

“பிரிக்கவே வேண்டாம் அண்ணே. நானும் ஜெனீனும் நிக்க வெச்சபடியே அதை நடத்திக் கூட்டிட்டுப் போயிடுவோம்.”

“அது என்ன மாடா, நடத்திக் கூட்டிட்டுப் போக? கனம் பூரா மேலே, உக்கார்ற இடத்துல இருக்கு. ஒரு குழியில கால் பட்டாப் போதும், உன் மேலேயே வந்து விழும்.”

“பாத்துக்கலாம்.”

“மேல் பட்டையை யாரு அவுக்கறது?”

“நான்தான்.”

“அவுத்துட்டு எப்படி இறங்குவே? ஏணியைப் புடிச்சுக்க அப்போ என்ன இருக்கும்?”

“ஜெனீன் கீழ புடிச்சுக்குவா.”

“நல்லாப் புடிச்சுக்குவா. நீ நேரா அவ தலையில வந்து விழுவே. மூணாவது ஆள் இல்லாம அதைத் தொடாதே. யாரையாவது கூப்பிடு.”

“கூப்பிட்டா நான் எங்க உக்கார்றேன்னு ஊருக்கே தெரிஞ்சுடுமே. எவனாவது தன் இடத்தைக் காட்டிக் குடுப்பானா? இத்தனை வருஷமா மூணாவது ஆள் நீதானே அண்ணே.”

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. போனை வைத்துவிட்டான்.

செப்டம்பர் 23, திங்கள்

எக்கேடோ கெட்டுப் போகட்டும். நான் என்ன செய்ய முடியும்? கீழே விழுந்தால்தான் அவனுக்குப் புத்தி வரும்.

ச்சே. என்ன எழுதியிருக்கிறேன் நான். அவன் இப்படி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். ஜெனீன் அவனைத் தூக்குவதை. என்னைத் தூக்கித் தூக்கி மார்லிஸின் தோள்பட்டையே போய்விட்டது. இப்போது ஒரு வாளித் தண்ணீர்கூட அவளால் தூக்க முடியவில்லை. வேண்டாம். அந்த வீட்டிலும் இது வேண்டாம்.

செப்டம்பர் 25, புதன்

“சனிக்கிழமை நானும் வர்றேன், வந்து கூட்டிட்டுப் போ” என்று எல்டனிடம் சொன்னேன். “வந்து என்ன பண்ணப் போறே?” என்றான். எனக்கும் தெரியவில்லை.

செப்டம்பர் 28, சனி

எல்டன் என்னை மூட்டை மாதிரித் தூக்கிக் காட்டுப் பாதையில் ஓட்டும் வண்டியில் போட்டான். “குறைஞ்சிட்டே அண்ணே, போன வருஷ மான் இதைவிடக் கனம்.” மார்லிஸ் போகாதே என்று தடுப்பாள் என நினைத்தேன். என் கோட்டுப் பொத்தானை மட்டும் போட்டுவிட்டாள்.

மேப்பிள் பாதி சிவந்துவிட்டது. நான் விழுந்த இடத்தில் புல் முளைத்திருக்கிறது. ஏதாவது ஓர் அடையாளம் இருக்கும் என்று ஏனோ நினைத்திருந்தேன். ஒன்றுமில்லை.

பக்கத்து பிர்ச் மரத்தடியில் என் நாற்காலியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்தார்கள். வைத்ததும் வேலையை என் கையில் எடுத்துக்கொண்டேன். எல்டனைத் தரையில் நிற்கும்போதே, மேல் கிளையில் எறிந்து தொங்கவிட்ட காப்புக் கயிற்றில் இடுப்பு வாரை மாட்டவைத்தேன். முணுமுணுத்தான், மாட்டினான். ஒரு நீளக் கயிற்றை மேலே கொண்டுபோய்ப் பரணின் தலையில் கட்டி, அதற்கும் மேலே இருந்த கவையில் போட்டுக் கீழே விட்டான். அந்த நுனியை பிர்ச் மரத்தைச் சுற்றி என்னிடம் கொடுத்தாள் ஜெனீன். மரத்தைச் சுற்றிய கயிறு எவ்வளவு கனத்தையும் தாங்கும். பிடிப்பவனுக்குக் கால் வேண்டாம். கை போதும்.

“கயிறு விறைச்சிருக்கா?” என்று மேலேயிருந்து கத்தினான்.

“விறைச்சிருக்கு. இப்போ அவு.”

அவிழ்த்தான். ஏணி லேசாக உதறியது. அவன் ஒவ்வொரு படியாக இறங்கினான். அவன் கனமும் ஏணியின் கனமும் கயிறு வழியாக என் உள்ளங்கைக்கு வந்தது. ரொம்ப நாளாகிவிட்டது, எதுவும் என்னை நம்பி இருந்து.

அதன் பிறகு ஏணியைச் சாய்த்து இறக்க வேண்டும். ஜெனீன் அடிப்படியில் ஏறி நின்று மிதித்துக்கொண்டாள். எல்டன் முன்னால் நின்று ஏணியைத் தாங்கிப் பின்னோக்கி நடந்தான். நான் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். பாதி வந்தபோது ஏணியின் ஒரு கால் ஈர இலையில் வழுக்கியது. முழுப் பரணும் முறுக்கிக்கொண்டு எல்டன் பக்கம் திரும்பியது. கயிறு என் கையில் ஓடியது. எரிந்தது. நாற்காலி கட்டையைத் தாண்டிப் போய் மரத்தில் முட்டியது.

“விட்டுடாதே!” ஜெனீன் கத்தினாள்.

“விடலை! டேய், நகருடா! நகருடா நாயே!”

நகர்ந்தான். அதற்குப் பிறகுதான் அங்குலம் அங்குலமாக இறக்கினேன். பரண் தரையில் படுத்தது. எல்டன் இலைமேல் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

“அண்ணே, நீ மட்டும் இல்லேன்னா—”

“வாயை மூடு. போல்ட்டைக் கழட்டு, மூணு துண்டாக்கு. நடத்திக் கூட்டிட்டுப் போறானாம்.”

அப்போதுதான் ஜெனீன் என் முழங்காலைப் பார்த்தாள். பேன்ட் கிழிந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. எனக்கு வலி ஒன்றும் தெரியவில்லை. அவள் துடைத்ததும் தெரியவில்லை.

கிளம்பும்போது மரத்தைத் திரும்பிப் பார்த்தேன். பட்டை இறுக்கிய வடு சுற்றிலும் கறுப்பாக இருக்கிறது. மற்றபடி அது எல்லா மரங்களையும் போல ஒரு மரம்.

செப்டம்பர் 29, ஞாயிறு

உள்ளங்கை கொப்புளம். வலிக்கிறது. வலிக்கட்டும்.

அக்டோபர் 6, ஞாயிறு

பரணை ஓடைக்கரையில் நிறுத்தினார்கள். மறுபடி கயிற்றைப் பிடித்தேன், சரியாக நின்றது. எல்டன் மேலே ஏறி உட்கார்ந்து, சின்னப் பையன் மாதிரிக் கையசைத்தான். நானும் கையசைத்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். அங்கிருந்து பார்த்தால் ஓடை எப்படித் தெரியும் என்று எனக்கு ஒருநாளும் தெரியப் போவதில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

ஒன்றுமில்லை. சாப்பிடவில்லை.

அக்டோபர் 21, திங்கள்

மார்லிஸ் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள், எனக்குக் கேட்கக் கூடாதென்று. நான் இல்லாவிட்டால் அவள் தோள் ஆறும். இப்படியே எத்தனை குளிர்காலம்? யாரைக் கேட்பது?

நவம்பர் 14, வியாழன்

எல்டன் வந்தான். நாளை வேட்டை தொடங்குகிறது. ஒரு நிபந்தனை போட்டேன். “ஏறி உக்கார்ந்ததும் எனக்குப் போன் பண்ணு. இறங்கினதும் போன் பண்ணு.”

“நான் என்ன குழந்தையா, சொல்லிட்டுப் போய்ச் சொல்லிட்டு வர? மான் காதுல விழும்” என்று சிரித்தான்.

“கிசுகிசுன்னு பேசு. ஒரு பகல் முழுக்கப் பனியில கெடந்து பார்த்திருக்கியா நீ?”

சிரிப்பு நின்றது. “சரி” என்றான்.

நவம்பர் 15, வெள்ளி

விடியுமுன் கிசுகிசுத்தான்: “ஏறிட்டேன்.” அதற்குப் பிறகு பகல் முழுக்கப் போன் என் மடியில் இருந்தது. மார்லிஸ் சூப் கொடுத்தாள். போனைப் பார்த்துக்கொண்டே குடித்துவிட்டேன் போலிருக்கிறது, கிண்ணம் காலியாக இருந்தது.

வெளிச்சம் போனது. போன் வரவில்லை. முற்றாக இருட்டியும் வரவில்லை. நான் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். மார்லிஸ் கோட்டை மாட்டிக்கொண்டு வண்டிச் சாவியைத் தேடினாள். கடவுளே, அவன் வேண்டாம், அவன் வேண்டாம் என்று சத்தமாகவே சொன்னேன். அப்போது போன் அடித்தது.

“எங்கடா போனே?”

“கத்தாதே அண்ணே. கையுறை போட்டுக்கிட்டுப் போனை எடுக்க வரலை. பத்திரமாத்தான் இருக்கேன். ராய்ஸ் பரண்லேருந்து இறங்கிட்டேன்.”

அப்படித்தான் சொன்னான், ராய்ஸ் பரண் என்று. மான் கிடைத்ததா என்று கேட்க மறந்துவிட்டேன்.

“நாளைக்கும் விடியுமுன்னேதான் ஏறுவேன். முழிச்சிருப்பியா?”

“முழிச்சிருப்பேன்.”

படுக்கவைக்கும்போது மார்லிஸிடம் அலாரம் கடிகாரத்தை என் பக்கம் வைக்கச் சொன்னேன். அவள் சாவி கொடுத்து வைத்தாள்.