எக்ஸ்ரேயில் தெரியாத ஈர்க்கு

மாப்ள,

ஜெல் பாட்டில் இன்றும் எவர்சில்வர் டம்ளரில் தலைகீழாகத்தான் நிற்கிறது. நாம் சேர்ந்து தொடங்கிய செல்லூர் நாய் கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்த பெண், காலையில் அதை நிமிர்த்தி வைத்துவிட்டாள். வள்ளென்று விழுந்தேன். பாவம், ஸ்கேன் பார்க்கும்போது ஜெல் குமிழில்லாமல் இறங்க நீ செய்த ஏற்பாடு அது என்று அவளுக்கென்ன தெரியும்?

இன்று பேரையூரிலிருந்து ஒரு நாய் கழுத்து வீங்கி வந்தது. பார்த்ததும் கீழக்குயில்குடி அம்மாவின் நாய் மணிதான் நினைவுக்கு வந்தான். அவனுக்கும் கழுத்தில் சீழ்க்கட்டி. மருந்து கொடுத்தால் வற்றும், நிறுத்தினால் மறுபடி வீங்கும். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை.

"அது படுற பாட்டைப் பாக்க முடியல டாக்டரு. ஊசி போட்டு முடிச்சு விட்ருங்க" என்று அந்த அம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். நானும் சரியென்று சொல்ல இருந்தேன். நீ நாயைத் தொடக்கூட இல்லை. வழக்கமான உன் கேள்வியைக் கேட்டாய்.

"வீட்ல என்ன விசேஷம் நடந்துச்சு?"

"கோயில்ல கெடா வெட்டுனோம்."

"சோறு எதுல போட்டீங்க?"

"தையல் இலையிலதான்."

"நாய் சாகக் கெடக்கு, நீ பந்தி விசாரிக்கிற!" என்று எரிந்து விழுந்தேன். நீ சிரித்தாய்.

"கறிக்கொழம்பு வாசத்துக்கு எலையோட முழுங்கியிருக்கும் மாப்ள. எலையைத் தச்ச ஈர்க்கு தொண்டையைக் குத்தி உள்ள போயிருக்கும். ஈர்க்கு எக்ஸ்ரேயில எங்கிட்டுத் தெரியும்?"

ஜெல்லை உள்ளங்கையில் சூடாக்கித் தடவி, ஸ்கேன் கருவியைக் கழுத்தில் மெல்ல நகர்த்தினாய். சீழின் கறுப்புக்கு நடுவே வெள்ளையாய் ஒரு கோடு, அதற்கடியில் நிழல். கீறி, இடுக்கியால் இழுத்தாய். அரை விரல் நீளம்கூட இல்லை. "இந்தக் குச்சிக்கா அம்புட்டுப் பாடு!" என்று அந்த அம்மா அழுதுகொண்டே சிரித்தார். மணி அதன்பிறகு பல வருஷம் இருந்தான்.

உன் வயிற்றை ஸ்கேன் செய்தபோது எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. ஈரல் முழுக்கக் கட்டிகள் பளிச்சென்று தெரிந்தன. எடுக்கத்தான் வழியில்லை. படத்தை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லாத் தெளிவா எடுத்திருக்காய்ங்க" என்றாய். நீ போய்ச் சேர்ந்த பிறகும் அந்தப் பேச்சுக்காக உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

பேரையூர் நாயின் எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை. கூட்டி வந்தவர் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கிளம்ப எழுந்தார். நான் டம்ளரிலிருந்து பாட்டிலை எடுத்து ஜெல்லை உள்ளங்கையில் ஊற்றினேன்.

"உக்காருங்கண்ணே" என்றேன். "வீட்ல என்ன விசேஷம் நடந்துச்சு?"