கூடத்திலேயே ஓடும் சைக்கிள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நலம், எங்கள் இருவரையும் விட நலமாகக் கூடத்தில் நிற்கிறது நீ அனுப்பிய சைக்கிள். உன் நலத்தைப் பற்றி நீ ஃபோனில் சொல்வதை நான் முழுதாக நம்புவதில்லை, ஏனென்றால் நீ உன் அப்பாவின் மகள். இந்தக் காலத்தில் எதற்கம்மா காகிதமும் பேனாவும் என்று கேட்பாய். ஃபோனை எடுத்தால் அந்த மனுஷன் என் தோளுக்குப் பின்னால் வந்து நிற்கிறார், மெசேஜ் என்றால் நெற்றியில் கிடக்கும் கண்ணாடியை இறக்கி எனக்கு முன்னால் அவர் படித்துவிடுகிறார். அதனால் ஆஸ்பத்திரியில் என் எக்ஸ்ரே அறையில், டியூட்டிக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன். இப்போதைக்கு வரிசையில் யாரும் இல்லை, எந்த நேரமும் ஒரு கணுக்கால் நொண்டிக்கொண்டு வரலாம், கையெழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். விடுமுறைக்கு வரும்போது அப்பாவை மலைப்பாதைக்குக் கூட்டிப் போகிறேன், இரண்டு நாள், கூடாரம் அடித்துத் தங்கல், அப்பாவும் மகளும் மட்டும் என்று இரண்டு வாரத்துக்கு முன் நீ பாட்டுக்குப் பேசி முடித்துவிட்டாய். அவரும் “அதுக்கென்னம்மா, போயிட்டாப் போச்சு” என்று பெரிய மனதோடு சொல்லிவிட்டு ஃபோனை வைத்தார், வைத்தவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அடியே, அந்தச் சைக்கிள் நம் வீட்டுக் கேட்டைத் தாண்டியதே இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் அவர் உனக்குச் சொன்ன சவாரிக் கதையெல்லாம் அண்டப்புளுகு ஆகாசப்புளுகு. செம்மண் மேட்டில் சக்கரம் வழுக்கியது, மரவேரில் ஏறிக் குதித்தது, நாய் துரத்தியது எல்லாம் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்தபடி நடந்தவை. நாய் வந்த கட்டத்தில் உனக்காக மூச்சு வாங்கியும் காட்டினார். நாய் என்ன நிறம் என்று நீ கேட்டாய் பார், அதற்கும் தயங்காமல் “பழுப்பும்மா, ஒரு காது மடங்கியிருந்துச்சு” என்றார். நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டு சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். வாயால் ஓட்டும் சைக்கிளுக்குப் பஞ்சர் ஏது.

ஓட்டவில்லையே தவிர, அதற்கு நடக்கும் உபசாரத்தைப் பார்த்தால் உனக்கே பொறாமை வரும். உன்னைக்கூட அவர் இப்படிக் குளிப்பாட்டியதில்லை. காலையில் எழுந்ததும் மெல்லிய துணியால் துடைப்பு, பிறகு செயினுக்குச் சொட்டுச் சொட்டாக எண்ணெய், பிறகு சோபாவில் உட்கார்ந்து தூரத்திலிருந்து ஒரு பார்வை. நீ அதற்கு ஸ்டாண்டே இல்லாமல் அனுப்பிவிட்டாய், மலைச் சைக்கிளுக்கு ஸ்டாண்டு கிடையாதாம், மணி கிடையாதாம், பின்னால் பை வைக்க ஒரு கேரியர்கூடக் கிடையாதாம், அத்தனை காசைக் கொட்டி வாங்கிய வண்டியில் ஒரு கட்டுக் கீரை வைக்க இடமில்லை. கேரியர் மாட்ட ஒருமுறை நான் சொன்னதற்கு, பின்பக்கம் முழுவதும் ஸ்பிரிங் மாதிரி ஏறி இறங்கும், அங்கே எதையும் மாட்டக் கூடாது என்று முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த கௌரவத்தோடு ஒரு மணிநேரம் பாடம் எடுத்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணீர் கொடுப்பதற்கு முன் சீட்டைக் காட்டுகிறார். ஹேண்டில்பாரில் ஒரு பட்டன், அதை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தால் சீட் கீழே போகும், எழுந்து அழுத்தினால் தானே மேலே வரும். இறக்கத்துக்குத் தாழ்வு, ஏற்றத்துக்கு உயரம் என்று விளக்கம். மேல்மாடி ஆடிட்டர் அதில் உட்கார்ந்து ஏறி ஏறி இறங்கியதில் சந்தோஷம் தாங்காமல் மறுநாள் மனைவியையும் அழைத்து வந்துவிட்டார். வாழ்நாள் முழுவதும் லிஃப்ட் கட்டியவருக்குக் கடைசியில் வாய்த்தது ஒரு சாண் லிஃப்ட்.

ஏன் வெளியே போகவில்லை என்பது உனக்குப் புரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். அவருக்கு நெஞ்சு வலி வந்தது நம் தெருவின் ஏற்றத்தில்தான், கையில் பையோடு ஏறி வந்தவர் ஆடிட்டரின் பழைய வீட்டு வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார், யாரோ தூக்கினார்கள். அடைப்பை எடுத்துக் குழாய் வைத்து, நடக்கலாம், சைக்கிள்கூட ஓட்டலாம், ஓட்டினால் நல்லது என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். இவர் பேப்பர் எடுக்கக் கேட் வரைக்கும் போவார், ஏற்றத்தைப் பார்ப்பார், திரும்பிவிடுவார். டாக்டரிடம் போவதென்றால் கார் வாசலுக்கு வர வேண்டும். கேட்டால் வெயில் என்பார், தூறல் என்பார், சைக்கிள் வந்தபிறகு, பின்னால் ஏறி இறங்கும் அந்த ஷாக் சரியில்லை என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

அந்த ஷாக் கதையையும் கேள். ஓட்டுபவரின் எடைக்குத் தக்கபடி அதில் காற்று அடைக்க வேண்டுமாம், ஆள் ஏறி உட்கார்ந்தால் அது கொஞ்சம் அமிழ வேண்டும், எவ்வளவு அமிழ்ந்தது என்று காட்ட ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கிறது, இதெல்லாம் உனக்குத் தெரியும். இவர் காற்றடைத்து ஏறி உட்கார்ந்தால் அது அசையவே இல்லை. வண்டி ஜாம், மாற்றித் தர வேண்டும் என்று கடைக்கு ஃபோன் போட்டுக் கத்தினார். கடையிலிருந்து ஒரு பெண் வந்தாள், காதில் பென்சில், பேச்சில் தேனும் இல்லை விஷமும் இல்லை. இவரை உட்கார வைத்தாள், வளையத்தைப் பார்த்தாள், எத்தனை கிலோவுக்கு அடித்தீர்கள் என்று கேட்டாள், இவர் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னிருந்த எடையை மார்தட்டிச் சொன்னார். அவள் “அங்கிள், அவ்ளோ வெயிட் இப்ப நீங்க இல்லையே” என்று சொல்லிவிட்டுக் காற்றை இறக்கினாள். புஸ்ஸென்று அது இறங்க இறங்க இவர் முகமும் இறங்கிக்கொண்டே வந்தது. அவருடைய பேண்ட்டுகளை அவருக்குத் தெரியாமல் நான் இடுப்பில் பிடித்துத் தைத்துக்கொண்டு இருக்கிறேன், எடை பார்க்கும் மெஷினைப் பரண்மேல் போட்டுவிட்டு அது ரிப்பேர் என்று அவர் எனக்குச் சொல்லிக்கொண்டு இருக்கிறார், இப்படி ஒருவரை ஒருவர் நாங்கள் ஏமாற்றிக்கொண்டு நிம்மதியாக இருந்தோம், உன் சைக்கிள் வந்து சபையில் போட்டு உடைத்துவிட்டது. அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்ததும் “நான் கரைஞ்சுட்டே வர்றேனாடி?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். நான் தினம் எத்தனையோ நெஞ்சைப் படம் பிடிக்கிறவள், அவர் தட்டில் இன்னொரு தோசையைப் போட்டேன்.

இந்த நிலையில் நீ மலை, கூடாரம் என்று ஆரம்பித்தாய். அதற்கு அடுத்த நாள் காலையில் கூடத்துத் தரையெல்லாம் எண்ணெய்க் கறை, வாசலில் வைத்துத் துடையுங்கள் என்று நான் எரிந்து விழ, சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். குப்பை வண்டி வந்து போன நேரம், கேட் அகலத் திறந்திருந்தது. சும்மா உட்கார்ந்து பார்க்கிறேன் என்றேன். அவருக்கு வாயெல்லாம் பல், பட்டனை அழுத்தச் சொன்னார், சீட் இறங்கியது, என் கால் தரையில் எட்டியது. நான் திட்டம் போட்டுச் செய்தேன் என்று நினைக்காதே, தினமும் கேட் வரைக்கும் போய்த் திரும்பும் அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆத்திரம் முட்டிக்கொண்டு நின்றது, அவ்வளவுதான், ஒரு உந்து உந்தினேன், கேட் எனக்குப் பின்னால் போய்விட்டது.

தெரு எப்படிப்பட்ட இறக்கம் என்று உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு உன்னைப் பின்னால் வைத்து ஓட்டியதற்குப் பிறகு நான் சைக்கிளைத் தொட்டதில்லை, இது சைக்கிளும் இல்லை, கயிறு அறுந்த கன்றுக்குட்டி. பின்னால் அவர் சத்தம் தெருவையே எழுப்பியது. “ஏய், முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கிப் போட்டுடும்! பின் பிரேக், பின் பிரேக்!” என்று ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் ஒன்றுமில்லை, கையில் எண்ணெய்த் துணி, ஓடி வருகிறார். முன் பிரேக்கை மட்டும் பிடித்தவர்களின் கழுத்தடியில் ஒடிந்த காறையெலும்பை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், எனக்கு இவர் பாடம் எடுக்க வேண்டாம். தார் ரோடு முடிகிற இடத்தில் மூன்று படி இருக்குமே, அங்கே நான் கண்ணை மூடிக்கொண்டேன். நான் படி என்று பயந்ததை அந்தச் சைக்கிள் படியாகவே மதிக்கவில்லை. முன்பக்கம் அமிழ்ந்து நிமிர்ந்தது, பின்சக்கரம் தன் பாட்டுக்கு இறங்கி வந்தது, என் இடுப்புக்குச் செய்தியே போகவில்லை. அப்புறம் மண்பாதை, வேர்கள், ஒரு பள்ளம், எல்லாம் அப்படியேதான். நானும் ஏதோ சத்தம் போட்டேன், பயத்தில் என்றுதான் இவரிடம் சொல்லியிருக்கிறேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் புல்லில் நிறுத்தி, காலை ஊன்றுகிறேன் என்று ஒரு குழியில் ஊன்றி, மூட்டை மாதிரி சாய்ந்தேன். முழங்கையில் தோல் போனது, முறிவு இல்லை, மறுநாள் நானே படம் எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

உன் அப்பா வந்து சேர்ந்தார். தூக்கிவிடுவார் என்று கையை நீட்டினேன். அவர் சைக்கிளைத் தூக்கினார். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார், கியரைத் தட்டிப் பார்த்தார், ஒரு கீறலைக் கண்டுபிடித்து அதை விரலால் தடவிக்கொண்டே என் குலத்தைத் திட்டினார். நானும் புல்லில் கிடந்தபடியே பதிலுக்குத் திட்டினேன். திட்டு தீர்ந்த பிறகுதான் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது, அவர் கேட்டுக்கு வெளியே நிற்கிறார், அதுவும் தெருவின் அடியில். மேலே திரும்பிப் பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இறக்கத்தில் ஓடி வந்த மனுஷன் ஏற்றத்தில் எப்படிப் போவார் என்று நான் யோசிக்கவே இல்லை. கார் வரச் சொல்லட்டுமா என்றேன். அவர் சைக்கிளைப் பார்த்தார், “இதை யாரு மேலே கொண்டு போறது, நீயா?” என்றார்.

ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் தள்ள ஆரம்பித்தார், நான் அந்தப் பக்கம் சீட்டைப் பிடித்துக்கொண்டேன். பாதி ஏற்றத்தில், அவர் அன்றைக்கு உட்கார்ந்த வாசலுக்கு நேராக வந்ததும், பின் பிரேக்கைப் பிடித்து நின்றுவிட்டார். வண்டி பின்னால் உருளாமல் நின்றது, அதன்மேல் சாய்ந்துகொண்டு மூச்சு வாங்கினார், இது ஃபோனில் உனக்கு வாங்கிக் காட்டிய மூச்சு இல்லை. “இங்கதான்” என்றார். தெரியும் என்றேன். உட்காருகிறீர்களா என்று கேட்க நினைத்து, கேட்டால் உட்கார்ந்துவிடுவார் என்று பயந்து வாயைப் பொத்திக்கொண்டேன். வலி இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன், இல்லை என்று தலையை ஆட்டினார். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன், துடிப்பு கொஞ்சம் வேகம், ஆனால் தாளம் தப்பவில்லை. மூச்சு அடங்கும் வரை நின்று, பிறகு பிரேக்கை விட்டார். மேலே வந்து சேர்ந்ததும் நேராக உள்ளே போய்ப் பரணிலிருந்து எடை மெஷினை இறக்கினார்.

அதற்கப்புறம் காலையில் என்னை நம்பிச் சைக்கிளை விட முடியாதாம், அதனால் தினமும் கூடவே வருகிறார். தள்ளிக்கொண்டே இறங்குவோம், தள்ளிக்கொண்டே ஏறுவோம், பாதியில் நின்று அவர் டயரைச் சோதிப்பார், டயருக்கு ஒன்றும் இருக்காது, நானும் குனிந்து பார்ப்பேன். போன ஞாயிறு தொட்டியடியில் அந்தச் சமதரையில் திடீரென்று ஏறி உட்கார்ந்தார். ஷாக் அளவாக அமிழ்ந்தது, வளையத்தைக் குனிந்து பார்த்துச் சிரித்தார். தொட்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார், அவ்வளவுதான், ஒரே சுற்று. நான் கல்லின்மேல் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன். அன்று சாயங்காலம் நீ ஃபோன் செய்து இன்றைக்கு எங்கே சவாரி என்று கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா? “எங்கேயும் போகலம்மா, வீட்லதான் இருந்தேன்” என்றார். இத்தனை நாள் போகாத ஊருக்கெல்லாம் உனக்கு வழி சொன்னவர், நிஜமாகப் போன அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவர் இன்னும் அதைக் கைக்குள் பொத்தி வைத்துப் பார்த்துக்கொண்டு இருக்கிறார் என்று நினைக்கிறேன்.

ஆகவே மகளே, மலையை ஒத்திப் போடு. வேலை இடிக்கிறது, லீவு குறைந்துவிட்டது என்று உன் பங்குக்கு ஒரு பொய் சொல், உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வந்து தொட்டி வரைக்கும் அவரோடு போ. அவர் முன்னால் போனால் முந்தாதே. ஏற்றத்தில் அவர் நின்றால் என்னப்பா ஆச்சு என்று பதறாதே, நீயும் நின்று உன் செயினைப் பார்ப்பதுபோல் பார். அங்கே நீ ஓட்டும்போது தலைக்கவசம் போடு, முழங்கைக்கும் போடு, எலும்பு ஒட்டும், ஆனால் படத்தில் கோடு போகாது. நேரத்துக்குச் சாப்பிடு. நீ நூறு வருஷம் எலும்பு முறியாமல் இருக்க வேண்டும் என்று இந்த இருட்டறையிலிருந்தே ஆசீர்வதிக்கிறேன், வெளியே ஒரு கணுக்கால் வந்துவிட்டது, முடிக்கிறேன். ஒன்றை மறக்காதே, இந்தக் கடிதம் வந்ததாக ஃபோனில் உளறாதே. வரும் ஞாயிறும் அவர் வீட்லதான் இருந்தேன் என்பார். அப்படியாப்பா என்று மட்டும் கேட்டுக்கொள். அவர் சொன்ன பொய்களிலேயே எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

தோல் உரிந்த முழங்கையோடும் நிறைந்த மனதோடும்,
உன் அம்மா