காய்ந்தால் கறுக்கும் தாள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. எல்லோரும் நலம் என்று எழுதுவது முறை, அதனால் எழுதிவிட்டேன். உண்மையில் இந்த வீட்டில் யாருக்கும் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. போனில் சொல்லலாம் என்றால் உன் அத்தான் பக்கத்திலேயே இருக்கிறார். அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய நெகடிவ் பத்திரமாக வந்து சேர்ந்தது. தையல் ஆலையில் தீப்பிடித்த மறுநாள் நீ எடுத்தாயே, அந்தப் பின்கதவுப் படம், அதைப் பெரிதாக அச்சிட்டு, அச்சிட்டவள் என்ற முறையில் நானே நேரில் கொண்டுவர வேண்டும் என்று விசாரணை அதிகாரி எழுதியிருக்கிறார். "பிளாஸ்டிக் பூசின பேப்பர் வேண்டாம்க்கா, ஃபைபர் பேப்பர்ல போடு, எத்தனை வருஷம் ஆனாலும் கெடாது. எந்த வகைன்னு நீயே பாத்துக்கோ" என்றாய். உனக்கென்ன, சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய்.

மூன்று வகை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். பழுப்புச் சாயல் தரும் தாளில் கரிந்த மரம்கூட அழகாக இருக்கிறது. மூன்று பெண்கள் வெளியே வர முடியாமல் செத்த இடத்துக்கு என்ன அழகு வேண்டிக் கிடக்கிறது? அதை ஒதுக்கிவிட்டேன். மினுமினுப்பில்லாத மேட் தாளில் கறுப்பு வெளிறிப்போய், கதவும் தாழ்ப்பாளும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. பளபளக்கும் கிளாஸித் தாளில்தான் கறுப்புக்குள் இருக்கும் இன்னொரு கறுப்பு தெரிகிறது. தாழ்ப்பாளைச் சுற்றிய சங்கிலியும் அதில் தொங்கும் பூட்டும்.

கதவு திறந்துதான் இருந்தது என்று உன் அத்தான் முதல் விசாரணையில் சொல்லியிருக்கிறார். ஆலை மேற்பார்வையாளர் என்பதால் சாவி அவரிடம்தான் இருக்கும். பூட்டச் சொன்னது முதலாளி, பூட்டியது இவர் கை. என்னிடம் மட்டும் அழுதுகொண்டே சொன்னார். இது உனக்குத் தெரிந்திருந்தால் இந்த வேலையை என் தலையில் கட்டியிருக்க மாட்டாய்.

முந்தாநாள் மாலை அச்சைத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து எடுத்து விளக்கடியில் பிடித்தேன். பின்னால் வந்து நின்றவர் பார்த்துவிட்டார். "சங்கிலி தெரியுதே" என்றார். அன்று ராத்திரியும் சாப்பிடாமல் போய்ப் படுத்துவிட்டார்.

மறுநாள் காலை எனக்கு முன்னால் இருட்டறைக்குப் போய்க் காய்ந்த படத்தை எடுத்துப் பார்த்திருக்கிறார். ஃபைபர் தாளின் குணம் உனக்குத் தெரியாததா, ஈரத்தில் காட்டியதைக் காய்ந்ததும் காட்டாது, கொஞ்சம் கறுத்துவிடும். சங்கிலி இருட்டோடு போயிருந்தது. "இதையே குடுத்துடேன். நீ ஒண்ணும் மறைக்கலையே, பேப்பர்தானே கறுத்துச்சு" என்றார். அதன்பிறகு உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டார். எத்தனை நாள் கழித்து. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

காய்ந்தால் கறுக்கும் என்று கணக்குப் போட்டு, தாளில் விழும் வெளிச்சத்தைக் குறைத்துப் படத்தைக் கொஞ்சம் வெளிறலாக எடுப்பதுதான் இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அது தெரியாதவள் போல நான் எப்படி நடிப்பேன்? செத்த பெண்களில் ஒருத்தியின் அம்மா எதிர்த்தெருவில் இருக்கிறாள். பால் வாங்கப் போகும்போதெல்லாம் "படம் ஆச்சாம்மா?" என்று கேட்கிறாள். ஆகிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிச் சொல்லி எனக்கே வாய் கூசுகிறது.

இன்று வெளிச்சத்தைக் குறைத்து மறுபடியும் அச்சிட்டேன். இப்போதுதான் காய்ந்தது. சங்கிலியின் வளையங்களை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. அவரிடம் இன்னும் காட்டவில்லை. எப்படிக் காட்டப் போகிறேன் என்றும் தெரியவில்லை. நல்ல மனிதர்டா அவர். உனக்கும் தெரியும்.

விசாரணை மறுபடி அடுத்த மாதம் முதல் வாரம். லீவு இல்லை, டிக்கெட் இல்லை என்று எதையும் சொல்லாதே, உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன். அன்றைக்கு நான் படத்தை எடுத்துக்கொண்டு அந்த அம்மா பக்கம்தான் உட்கார முடியும். அத்தான் பக்கத்தில் உட்கார நம் வீட்டு ஆள் ஒருவராவது வேண்டும். வந்துவிடு, ராசா.

உன் அக்கா