சத்தமில்லாமல் திறந்த பூட்டு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் வேளைக்குச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதற்குப் பெயர் நலம் என்றால் நலம்தான். நீயும் உன்னோடு இருக்கும் தம்பியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். போனில் பேசலாம்தான், உன் தங்கை ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்க வைப்பாள், அதனால்தான் கடிதம்.

உன் அப்பா ஒரு மாதமாகக் கடை திறக்கவில்லை. பூட்டு ரிப்பேர்காரர் தன் கடையையே பூட்டிவிட்டாரே என்று எதிர்வீட்டு அக்கா கேலி செய்கிறாள், அவளுக்கு என்ன தெரியும். போன மாதம் ஒரு மத்தியானம் போலீஸ்காரர்கள் வந்து, "உள்ள ஒருத்தர் மயங்கிக் கெடக்குறாரு, கதவத் தெறக்கணும்" என்று அவசரமாகக் கூட்டிப்போனார்கள். உனக்குச் சின்ன வயதிலிருந்து முடி வெட்டினாரே, நாம் சிரிப்புக்காரர் என்போமே, அவர் கடைக்கு மேலே இருக்கும் அறை. அப்பாவின் வேலை உனக்குத் தெரியும், கதவில் ஒரு கீறல் விழாது, பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது, அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. அன்றைக்கும் கம்பியை விட்டுப் பூப்போலத் திறந்தார். உள்ளே யாரும் மயங்கிக் கிடக்கவில்லை. சிரிப்புக்காரரும் அவரோடு தங்கியிருந்த பஸ் டிரைவரும் ஒரே கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சட்டை போடக்கூட விடாமல் தெருவில் நடத்திக் கொண்டுபோனார்கள். "சுத்தியலால ஒடச்சிருந்தா சத்தத்துல முழிச்சிருப்பாங்க, ஒருத்தராவது பின்பக்கமாப் போயிருப்பாரு" என்று அப்பா அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். வக்கீலைப் போய்ப் பார்த்தோம். வெள்ளைக்காரன் ஆண்டபோது போட்ட சட்டமாம், வருஷக்கணக்கில் உள்ளே தள்ளலாமாம். எழுதினவன் தன் நாட்டில் அதை எப்போதோ எடுத்துவிட்டான், நீங்கள் இரண்டு பேரும் அங்கேதான் ஒரே வீட்டில் பயமில்லாமல் இருக்கிறீர்கள். அவன் விட்டுப்போனதை இங்கே நம் ஆட்கள் நம்ம மானம், நம்ம மரியாதை என்று கட்டிக்கொண்டு அழுகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. ஆஸ்பத்திரியில் சோதனை என்ற பெயரில் சிரிப்புக்காரரை என்ன பாடுபடுத்தினார்களோ, ஜாமீனில் வந்தவர் யாரிடமும் வாய் திறப்பதில்லை. டிரைவரை வெளியே வந்த அன்றே அவர் அண்ணன்மாரே அடித்துக் காலை ஒடித்துவிட்டார்கள்.

தங்கை கல்யாணத்துக்கு இரண்டு பேரும் வருவதாகச் சொல்லியிருந்தாய். உன்னைப் பார்த்து நாலு வருஷம் ஆகிறது, எனக்கு ஆசை இல்லாமலா. ஆனால் நேற்று அப்பா என்னிடம், "அவன வரச் சொல்லாத. எவனாவது போட்டுக் குடுத்தா, நம்ம வீட்டுக் கதவுக்கும் என்னத்தான் கூப்பிடுவாங்க" என்றார். அவருக்கும் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நீ மட்டுமாவது வா என்று எழுத நினைத்தேன், அதுவும் வேண்டாம். தனியாக வந்தால் சொந்தக்காரர்கள் பெண் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள், மனதில் இருப்பதை முகத்தில் காட்டாமல் மறைக்க உனக்குத் தெரியாது.

யார் கேட்டாலும் லீவு கிடைக்கவில்லை என்று நானே சொல்லிக்கொள்கிறேன். இதைப் பற்றிப் போனில் ஒரு வார்த்தை பேசாதே. குளிரில் அலையாதே, இருமல் மருந்தை மறக்காதே. அந்தத் தம்பியை நான் கேட்டதாகச் சொல். இரண்டு பேரும் நீண்ட காலம் சேர்ந்து நன்றாக இருக்க வேண்டும்.

பெற்ற பிள்ளையை வீட்டுக்கு வராதே என்று எழுதும்,
உன் அம்மா