நீ போகாத நாலு கிளினிக்

கிளி,

உனக்கு உன் ராத்தாவின் ஸலாம். ஊரில் எல்லோரும் உன்னை ஸல்மா என்றுதான் கூப்பிட்டார்கள். கிளி என்று கூப்பிட்டது மூத்தவளான நான் மட்டும். நீ மௌத்தாகி, மண்ணுக்குள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இத்தனை நாளும் உனக்காக துஆக் கேட்டேனே தவிர, உன்னோடு கதைக்கவில்லை. கதைக்க எனக்கு முகம் இருக்கவில்லை.

எனக்கு எழுத்து ஓடாது என்று உனக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நான் சொல்லச் சொல்ல உன் மகள் நஸ்ரின் எழுதுகிறாள். சில இடத்தில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். எழுது புள்ள என்கிறேன். “இதைப் பேப்பருக்குக் குடுக்கவா பெரியும்மா?” என்று கேட்டாள். கொடு என்றேன். எங்களைப் போல இருக்கிறவர்கள் வாசிக்கட்டும்.

முதலில் வீட்டுப் புதினம். நஸ்ரினுக்கு இரண்டாவதும் பெண் பிள்ளை. நல்ல நிறம், நல்ல சத்தம். மருமகன் இப்போது ஒலுவில் துறைமுகத்திலிருந்து போகிற படகில் நிற்கிறார். உன் குசினிக் கூரை போன மழைக்கு ஒழுகியது, தகரம் மாற்றியாயிற்று. மற்றப்படி எல்லாம் இருந்தபடிதான்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். மச்சான் மௌத்தான அன்று உன்னை இத்தா வைத்தது நான்தான். புருஷனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். வெள்ளை உடுப்பு வாங்கி வந்ததும் நான், சன்னலுக்கு இரட்டைச் சீலை கட்டியதும் நான். கேற்றடியில் மீன்காரன் கூப்பிட்டால்கூட நீ குரல் காட்டக் கூடாது என்றேன். ஊரில் ஒருவர் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று நினைத்தேன். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அதையும் எழுது என்று நஸ்ரினிடம் சொல்லியிருக்கிறேன்.

உனக்குச் சீனி வருத்தம், இரத்தத்தில் சீனி கூட. மாதம் ஒரு கிளினிக். இத்தாவில் இருக்கிறவள் எப்படிப் போவது? மருந்து எழுதுகிற உன் கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு நான் போனேன். நான் அறிந்த இத்தா வீடுகளில் அப்படித்தான் நடந்தது. ஆள் வீட்டில் இருப்பாள், கொப்பி போகும், குளிசை வரும்.

அங்கே இருந்த நேர்ஸ் மிஸ் பெரியநீலாவணைப் பக்கத்துக் கத்தோலிக்கப் பிள்ளை. முதல் மாதமே கேட்டார்.

“ஆள் எங்க?”

“இத்தாவில இரிக்கா மிஸ்.”

“இரத்தம் சோதிக்க வேணும், கால் பாக்க வேணும். ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாங்க.”

“அவ வெளியில வரப்படாது மிஸ். எங்கட மார்க்கம்.”

மார்க்கம் என்றதும் அவர் அதற்கு மேல் கதைக்கவில்லை. மரியாதைக்கு விட்டுவிட்டார். அடுத்த இரண்டு மாதமும் அதே கேள்வி, அதே பதில். நாலாவது மாதம் அவர் கேட்கவும் இல்லை.

உன் குதிக்காலில் ஒரு வெடிப்பு வந்தது. எனக்குக் காட்டினாய். மஞ்சள் அரைத்துப் போட்டேன். ஒரு கிழமை கழித்து நீயாகவே கேட்டாய்.

“ராத்தா, ஒருக்காப் போய்க் காட்டிட்டு வருவமா?”

“இன்னும் இருவத்திரெண்டு நாள்தானே இரிக்கி. அதுக்குள்ள என்ன அவசரம் உனக்கு?”

“எனக்கு அவசரமில்ல. காலுக்குத்தான் அவசரம்,” என்றாய். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன்.

கால் பழுத்து, ஆறு நாளில் காய்ச்சல் வந்தது. பத்தாவது நாள் நினைவில்லாமல் கிடந்த உன்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே நாலு நாள் இருந்தாய். உன் இத்தா முடிய எட்டு நாள் கிடக்கும்போது மௌத்தானாய்.

மூன்றாம் நாள் மௌலவி வீட்டுக்கு வந்து ஓதினார். ஓதி முடிந்ததும் திரைக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன்.

“ஹஸரத், இத்தாவில இரிக்கிற பொம்புள மருந்தெடுக்கப் போகலாமா?”

“ஓம், தாராளமாப் போகலாம். அது தேவைதானே. ஏலாதெண்டு யார் சொன்ன?”

திரைக்குள் என்னோடு ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். யார் சொன்னது என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

மார்க்கத்தில் ஒரு குறையும் இல்லை கிளி. நான்தான் கேட்கவில்லை. ஐம்பது வருடத்துக்கு மேல் தொழுகிறேன், இந்த ஒன்றை ஒருவரிடம் கேட்டு வைக்கவில்லை. ஒரு போன் எடுத்திருந்தால் போதும்.

பிறகு ஒரு வருடம் நான் ஒன்றும் செய்யவில்லை. இடியப்பம் அவித்தேன், கடைக்குக் கொடுத்தேன், தொழுதேன், படுத்தேன்.

போன நோன்புக்குப் பிறகு பின்னொழுங்கை ஹாஜறாவின் புருஷன் மௌத்தானார். இத்தா வீட்டுக்குச் சாப்பாடு கொடுப்பது வழக்கம்தானே, ஒரு காலை இடியப்பமும் சொதியும் கொண்டு போனேன். ஹாஜறா பாயில் இருந்தாள். முகம் ஊதியிருந்தது. அழுது ஊதினது போல இல்லை. ஒரு சொல்லுக்கு ஒரு தரம் மூச்சு வாங்கினாள். அவளுடைய மதினி ருக்கையா கையில் கிளினிக் கொப்பியோடு செருப்பைத் தேடிக்கொண்டு நின்றாள்.

“எங்ககா போறாய்?” என்று கேட்டேன்.

“கிளினிக்குக்கு. இவட பிறசர் குளிசை முடிஞ்சி போச்சி.”

“அப்ப ஹாஜறா?”

“அவ எப்பிடிகா வாற? இத்தாவில இரிக்காதானே.”

“ஆள் போகாம கொப்பி போய் என்ன செய்யிற? கொப்பிக்கா பிறசர்?”

“என்ன நீ புதுசாக் கதைக்காய். ஆட்டோக்காரன் ஆம்பிளதானே.”

“ஆம்பிளதான். ஆட்டோ தன்ட பாட்டில ஓடுமெண்டா அவன எறக்கி விட்டுட்டுப் போவம்.”

ஹாஜறா மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். ருக்கையா சிரிக்கவில்லை.

“உன்ட தங்கச்சிய நீ எப்பிடிப் பொத்தி வெச்சாய். இத்தா எண்டா ஸல்மா இருந்தமாதிரி இரிக்கோணும் எண்டு இப்பவும் ஊருக்குள்ள கதைக்காங்க. நீயே இப்பிடிச் சொன்னா?”

உன்னைப் பற்றி ஊர் அப்படிக் கதைப்பது எனக்குத் தெரியாது கிளி. உன் பேரைச் சொல்லி இன்னொருத்தியைச் சாகவிடப் போகிறார்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

“அவ இத்தா முடிக்கல்ல ருக்கையா. எட்டு நாள் கிடக்கக்குள்ள மௌத்தாகிட்டா. நாலு தரமும் கொப்பியோட போனது நான். போய்க் காட்டிட்டு வருவமா எண்டு கேட்டா. வேணாமெண்டதும் நான்தான்.”

அதை வாயால் சொன்னது அன்றுதான் முதல் தடவை. கண்ணீர் வரவில்லை. மௌலவிக்குப் போன் எடுத்து ருக்கையாவின் காதில் வைத்தேன். அவள் “ஓம் ஹஸரத், ஓம் ஹஸரத்” என்று நாலைந்து தரம் சொன்னாள். போனைத் தந்துவிட்டு உள்ளே போய் ஹாஜறாவின் அபாயாவை எடுத்து வந்தாள்.

கிளினிக்கில் அதே மிஸ். என்னைக் கண்டதும் கொப்பிக்குக் கையை நீட்டினார். “ஆள் வந்திரிக்கி மிஸ்” என்றேன். பிறசர் பார்த்த கையோடு ஹாஜறாவை வார்ட்டுக்கு அனுப்பினார்கள். இன்னும் ஒன்றிரண்டு நாள் பிந்தியிருந்தால் கஷ்டம் என்று டொக்டர் சொன்னார். நாலு நாளில் வீட்டுக்கு வந்து, மிச்ச இத்தாவையும் இருந்து முடித்தாள்.

அன்று வெளியே வரும்போது மிஸ் கேட்டார், “உங்கட தங்கச்சி எப்பிடி?”

“மௌத்தாகிட்டா மிஸ்.”

அவர் பேனையை மூடி வைத்தார். “நான் இன்னும் ஒருக்கா வற்புறுத்திக் கேட்டிருக்கலாம்” என்றார்.

“கேட்டிருந்தாலும் நான் விட்டிருக்க மாட்டன் மிஸ்” என்றேன். அது பொய் இல்லை.

அதிலிருந்து இது என் வேலையாகிவிட்டது. பள்ளிவாசலில் மௌத்து அறிவித்தால், பெண்சாதி இருக்கிறாளா, அவளுக்கு என்ன வருத்தம் என்று விசாரிக்கிறேன். கிளினிக் நாளில் வீட்டுக்கே போய்க் கூட்டிப் போகிறேன். மருதமுனைக்கும் போயிருக்கிறேன், நாவிதன்வெளிப் பக்கமும் ஒரு வீட்டுக்குப் போனேன். சில வீட்டில் கேற்றைத் திறக்கவே மாட்டார்கள். ஊர் இளந்தாரிகள் எனக்கு ‘இத்தா அம்புலன்ஸ்’ என்று பேர் வைத்திருக்கிறார்களாம். ருக்கையாதான் வந்து சொன்னாள், அம்புலன்ஸ் போல ஊதியும் காட்டினாள். இப்போது அவளும் என்னோடு வருகிறாள்.

ஹாஜறா ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அல்லாஹ் ஒங்கள இதுக்கெண்டுதான் படைச்சிரிக்கான் ராத்தா” என்றாள். ஒவ்வொருவரையும் ஒரு வேலைக்கென்று அவன் அனுப்பியிருக்கிறான் என்று மௌலவியின் பயானில் கேட்டிருக்கிறேன். என்னை இடியப்பத்துக்குத்தான் அனுப்பினான் என்று இருந்தேன். பிள்ளை இல்லை, படிப்பு இல்லை, வேறென்ன இருக்கும்? இப்போது சுபஹ் தொழுது எழும்பும்போது, இன்றைக்கு என்னை எதிர்பார்த்துக்கொண்டு ஒருத்தி இருப்பாள் என்று தெரிகிறது. அது மனதுக்கு நல்லாயிருக்கிறது. அந்த நல்லாயிருக்கிறதுதான் எனக்குக் கஷ்டம்.

என் கால் நடக்கும் வரைக்கும் போவேன். இன்றைக்குக் கேற்றைச் சாத்தினால் நாளைக்கும் போய் நிற்பேன். எனக்குப் பிறகு தான் போவதாக நஸ்ரின் சொல்கிறாள், அவளையும் பழக்கிவிடுவேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

ஹாஜறா சொன்னதை நான் இன்னும் முழுக்க நம்பவில்லை. அவளுக்கு என்ன தெரியும்? தெரிந்தவள் நீ ஒருத்திதான். இது அல்லாஹ் எனக்கென்று வைத்த வேலையா கிளி, இல்லாவிட்டால் உன்னிடம் மாப்புக் கேட்டு நான் வீடு வீடாக நடக்கிற நடையா?

உன் கூடப்பிறந்த ராத்தா