மற்றவனுக்குக் கிடைத்த வீடு

மச்சான்,

பின்வளவில் திராட்சை பழுத்து விழத் தொடங்கிவிட்டது. காலையில் குசினி யன்னலைத் திறந்தால் புளித்த மணம் மூக்கில் ஏறுகிறது. கூடவே குளவிகளும் வருகின்றன. மனைவி யன்னலைச் சாத்தச் சொல்கிறாள், நான் சாத்துவதில்லை. அந்த மணத்துக்குள் நீ கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறாய். பக்கத்தில் மனுவெல் கிழவர். இரண்டு பேரும் எதற்கோ சிரிக்கிறீர்கள். நான் நடு மாடியில் நின்று, உடுப்புக் காயப்போடுகிற சாட்டில் எட்டிப் பார்க்கிறேன். எட்டு வருடமாக அந்தத் திராட்சைப் பந்தலை நான் அப்படித்தான் பார்த்தேன். மேலேயிருந்து, வயிற்றெரிச்சலோடு.

செத்துப்போனவனுக்குக் கடிதம் எழுதுகிற அளவுக்கு எனக்குப் படிப்பில்லை. ஓ லெவல் இரண்டு தரம் எடுத்து, இரண்டு தரமும் கணக்கில் கோட்டை விட்டவன். ஆனால் போன கிழமை ஒரு சங்கதி என் காதுக்கு வந்தது. அதை உன்னிடம் சொல்லித் தீர்க்காமல் எனக்கு நித்திரை வராது போலிருக்கிறது.

மொன்றியல் செயின்ட்-மிஷேலில் இந்த மூன்றடுக்கு வீட்டுக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரே மாதத்தில்தான் குடிவந்தோம். கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர் மனுவெலும் அவர் மனைவியும். நடுவில் நானும் மனைவியும் மூன்று பிள்ளைகளும். மேல்மாடியில் நீ, தனிக்கட்டை. கிழவர் இளந்தாரி வயதில் போர்த்துக்கேயரின் அசோரெஸ் தீவிலிருந்து வந்தவர். அவருடைய பிரெஞ்சு எங்களுடையதைப் போலவே நொண்டும். நீ கொங்கிறீட் வேலை செய்த இடத்தில் உன்னைத் தவிர எல்லோரும் போர்த்துக்கேயர் என்பதால், தடிமன் தொற்றுவது போல அந்தப் பாசை உனக்குத் தொற்றியிருந்தது. எனக்கு புவாண்ட்-கிளேரில் களஞ்சியசாலை வேலை. ஒரு மெட்ரோ, இரண்டு பஸ். அங்கே எனக்குத் தொற்றியது முதுகுவலி மட்டும்தான்.

கிழவருக்கு உலகத்தில் எல்லாவற்றைப் பற்றியும் ஒரு அபிப்பிராயம் இருந்தது. மொன்றியலில் விற்கிற பாண் பாணே இல்லை. தக்காளிக்கு மத்தியானம் தண்ணீர் விடுகிறவன் மூடன். இந்தக் காலத்துப் பெடியளுக்கு மண் அள்ளுகிற சவள் பிடிக்கத் தெரியாது. ஒவ்வொன்றையும் தீர்ப்புப் போலச் சொல்லிவிட்டு, நிறுத்தி, கேட்டவனின் முகத்தைப் பார்ப்பார். அந்த இடத்தில் வெறும் ‘சிங்’, அதாவது வெறும் ‘ஓம்’, அவருக்குக் காணாது. நீ தொடையில் ஒரு தட்டுத் தட்டி, “நெம் மாய்ஷ்!” என்பாய். இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை என்று அர்த்தமாம். விசயம் பெரிதென்றால், “தெம் தோதா ரஸாவ்ங்!” நியாயம் முழுக்க உங்கள் பக்கம்தான். கிழவரின் நெஞ்சு ஒரு அங்குலம் விரியும். உன் கிளாஸ் நிரம்பும்.

நானோ பெரியவர்கள் பேசினால் வாய் திறக்காமல் கேட்கவேண்டும் என்று வளர்ந்தவன். தலையை ஒரு பக்கம் சரித்து, “ம்” என்பேன். அதுதான் நமக்கு மரியாதை. கிழவருக்கு அது மறுப்பு. அவர் அதையே இன்னும் உரத்துத் திரும்பச் சொல்வார். நான் இன்னும் பணிவாகத் தலையைச் சரிப்பேன். மூன்றாம் தரம் கத்திவிட்டு, கையை உதறிக்கொண்டு உள்ளே போய்விடுவார். இவன் எதையும் ஒத்துக்கொள்ளாத பிடிவாதக்காரன் என்று முடிவு கட்டிவிட்டார்.

அதனால் உன்னை அவர் ‘ஃபீல்யு’ என்று கூப்பிட்டார், மகன் என்று. என்னை ‘ஊ ஓத்ரு’ என்றார். நான் ஏதோ மரியாதைச் சொல் என்று ஒரு வருடம் பெருமைப்பட்டேன். ‘மற்றவன்’ என்று நீ சொன்ன அன்று படியேறி வந்து மனைவியோடு காரணமில்லாமல் சண்டை பிடித்தேன். தக்காளி பழுத்தால் உனக்கு முழுப்பழம், எனக்கு வெடித்தது. போர்த்துக்கல் உதைபந்தாட்ட இறுதி ஆட்டத்தில் கிரேக்கத்திடம் தோற்ற கோடையில் நீ அவரோடு உட்கார்ந்து துக்கம் காத்தாய். எனக்கோ வேலையில் மேலாளர் கிரேக்கர். அங்கே கை தட்டிவிட்டு வந்த எனக்குப் பந்தலுக்குக் கீழே போக முகமில்லை.

பிறகுதான் கிழவர் அந்தக் கதையை எடுத்தார். வீட்டை விற்றுவிட்டுத் தீவுக்கே திரும்பப் போகிறாராம். தரகர் கையில் கொடுக்கமாட்டாராம். திராட்சைக் கொடியை வெட்டாத, தனக்குப் பிடித்த ஆளுக்குத்தான் கொடுப்பாராம். நீதான் படியில் நின்று இதை எனக்குச் சொன்னாய். புதிதாக வருகிறவன் எங்களை எழுப்பிவிட்டால் எங்கே போவது? இரண்டு அறைக்குள் ஐந்து பேர். மூத்தவள் குளியல் தொட்டிக்குள் தலையணையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடப் பாடம் படித்த காலம் அது.

“அந்த மனிசன் மேல இருக்கிறவருக்குத்தான் குடுக்கும்,” என்றாள் மனைவி. “நீங்கள் எட்டு வருசத்தில அந்தாளோட எட்டு வசனம் கதைச்சிருப்பியளே?”

அதனால்தான் ரோசத்தை விட்டு உன் கதவைத் தட்டினேன்.

“மச்சான், அந்த ரெண்டு வசனத்தையும் எனக்கும் சொல்லித் தா.”

“எந்த ரெண்டு?”

“நீ சொல்லிச் சொல்லி வைன் குடிக்கிறியே, அது.”

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். ஆனாலும் சொல்லித் தந்தாய். “அவர் கதைச்சு முடிச்சு உன்ர முகத்தைப் பாப்பார். அப்ப சொல்லு. ஆனால் எல்லாத்துக்கும் சொல்லிப்போடாத, என்ன?” கடைசி வசனம் எனக்குக் காதில் விழுந்தது, மண்டைக்குள் போகவில்லை. இரண்டு கிழமை பஸ்ஸில் வாய்க்குள் முணுமுணுத்துப் பழகினேன். பக்கத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரி எழும்பி வேறு சீற்றுக்குப் போனாள்.

நொவம்பரில் அவர்கள் அந்த வருடத்துப் புது வைனைத் திறந்து ருசி பார்ப்பார்கள், செஸ்நட் கொட்டை சுட்டுத் தின்பார்கள். அந்த முறை கராஜுக்குள் ஒருவரும் கூப்பிடாமலே நான் போய் உட்கார்ந்தேன். கிழவர் ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தபடி மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். சொல்லிவிட்டு நிமிர்ந்தார். கண் என் முகத்தில் பட்டது.

இதுதான் தருணம். மேசையில் ஓங்கி ஒரு தட்டு. “நெம் மாய்ஷ்! தெம் தோதா ரஸாவ்ங்!”

கொட்டை வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. கிழவரின் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கிழவர் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். நீ சட்டென்று, “நவுங், நவுங்,” இல்லை, இல்லை என்று தலையாட்டி, அவர் கையை உன் கைக்குள் எடுத்தாய். பிறகு அந்த வைனை ஒரே மூச்சில் குடித்து, கிளாஸை இன்னொரு தரம் நீட்டினாய்.

வெளியே வந்ததும் உன் சட்டையைப் பிடித்தேன். “என்னடா சொன்னவர்?”

“‘வைன் இந்த முறை காடியாப் போச்சு. என்ர கை விழுந்திட்டுது. இனி நான் ஒண்டுக்கும் உதவாதவன்’ எண்டவர்.”

“ஐயோ.”

“நீயும் மேசையில அடிச்சு ஓம் எண்டிட்டாய்.”

“உனக்கு எப்பிடியடா அது விளங்கினது?”

“எனக்கும் பாதிதான் விளங்கும் மச்சான். உள்ளங்கையைப் பாத்துக்கொண்டு கதைக்கிற மனிசனுக்கு ஆரும் ஓம் சொல்லுவினமே?”

தமிழில் என்றால் எனக்கும் தெரிந்திருக்கும். ‘சீச்சீ, என்ன ஐயா கதை இது’ என்று பதறியிருப்பேன். அந்த இரண்டு வசனத்தையும் எங்கே செலவழிக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்ததில், எதிரே இருந்த மனிதனை நான் பார்க்கவில்லை.

வீடு போய்விட்டது என்று நினைத்தேன். மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிழவர் என்னைக் கீழே கூப்பிட்டார். வீடு எனக்குத்தான் என்றார். அவருடைய நொண்டிப் பிரெஞ்சிலேயே எனக்கு அது தெளிவாக விளங்கியது. மனைவி அழுதாள். நான் அழவில்லை. எனக்கு ஏன் கிடைத்தது என்பதற்கு ஒரு விளக்கத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

அந்த விளக்கத்தை உன்னிடம்தான் முதலில் சொன்னேன், நினைவிருக்கிறதா? படியில் வைத்து, உன் தோளில் கை போட்டு. “பார் மச்சான், எட்டு வருசம் தலையாட்டினவனுக்குக் குடுக்கேல்லை. முகத்துக்கு நேர உண்மையைச் சொன்னவனுக்குத்தான் குடுத்தவர். நேர்மைக்கு ஒரு மரியாதை இருக்குத்தானே?”

“ஓம் மச்சான். உண்மைதான்,” என்றாய். உன் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

அதற்குப் பிறகு நான் வீட்டுக்காரன். நீ என் வாடகைக் குடி. என்ன ஆட்டம் ஆடினேன்! உன் சப்பாத்தைப் படியில் வைக்காதே என்றேன். பல்கனியில் சிகரெட் பிடிக்காதே என்றேன். பனி அள்ளுகிற முறையை, கொங்கிறீட்டில் முறிந்த உனக்கு, நான் செய்து காட்டினேன். வருகிற சனத்துக்கெல்லாம் உன் முன்னாலேயே அந்த நேர்மைக் கதையை அவிழ்த்துவிட்டேன். நீ ஒவ்வொன்றுக்கும், “அது சரி மச்சான்,” என்றாய். உனக்குப் பொறாமை என்று நினைத்தேன். உன்னைப் பொறாமைப்பட வைத்துவிட்டேன் என்று, சொல்ல வெட்கமாயிருக்கிறது, மூன்று வருடம் சந்தோசமாக இருந்தேன்.

போன பெப்ரவரியில் நீ வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய். நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது உன்னை மூடியிருந்தார்கள். உன் செத்தவீட்டுக்குக் கொங்கிறீட்டுக்காரர்கள் வரிசையாக வந்து நின்று அழுதார்கள். நான் செத்தால் களஞ்சியசாலையிலிருந்து ஆர் வருவார்கள் என்று அந்த நேரத்திலும் எனக்கு ஒரு கணக்கு ஓடியது. அப்படிப்பட்ட பிறவி நான்.

கிழவருக்கு நான் அறிவிக்கவில்லை. நேரமில்லை, விலாசமில்லை என்று வீட்டில் சொன்னேன். இரண்டும் இருந்தன. அவர் உனக்காக அழுவதைக் கேட்க எனக்கு மனமில்லை.

போன கிழமை அவரே போன் எடுத்தார். உன் தொலைபேசி வேலை செய்யவில்லை என்று எங்களுக்கு எடுத்திருக்கிறார். பிரெஞ்சு நன்றாகத் தெரிந்தவள் மூத்தவள்தான். அவளிடம் கொடுத்து, நீயே சொல்லு என்றேன். சொன்னாள். பிறகு கிழவர் பேசத் தொடங்கினார். மகள் போனை ஒலிபெருக்கியில் போட்டு எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

“அப்பா, அவர் மேல்மாடி மாமாவிட்டத்தான் முதல் கேட்டவராம்.”

“என்னத்தை?”

“இந்த வீட்டை. விலைக்கு வேண்டச் சொல்லி. மாமா மாட்டனெண்டிட்டாராம். எனக்குக் கீழ இருக்கிற மற்றவனுக்குக் குடுங்கோ, அவனுக்கு மூண்டு பிள்ளையள் எண்டவராம்.” கிழவர் சொல்வதைக் கேட்டுவிட்டுத் தொடர்ந்தாள். “‘எனக்கு விருப்பமில்லாமல்தான் இருந்தது. ஆனால் எட்டு வருசம் நான் சொன்னதெல்லாத்துக்கும் என்ர ஃபீல்யு ஒத்துக்கொண்டவன். அண்டைக்குத்தான் முதன்முதலா அவன் தானா ஒண்டு சொன்னான். நான் வேற என்னத்தைச் சொல்லுறது?’ எண்டு கேக்கிறார், அப்பா.”

அப்போது கிழவர் மொழிபெயர்ப்புக்குக் காத்திராமல், போனுக்குள் உடைந்த குரலில், “நெம் மாய்ஷ்,” என்றார். தான் உனக்கு அன்று சொன்னதைத் திரும்பச் சொன்னாரோ, இன்று புதிதாகச் சொன்னாரோ, எனக்குத் தெரியவில்லை.

நான் குசினிக்குப் போனேன். மனைவி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். முழுவதையும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

“எனக்குத் தெரியும்,” என்றாள்.

“என்னது? எப்ப தொடக்கம்?”

“அப்பவே. இதில வந்து நிண்டுதான் சொன்னவர். ‘அக்கா, அவனுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. நான் விட்டுக்குடுத்தது எண்டு தெரிஞ்சால் அவன் வேண்டமாட்டான்’ எண்டு.”

“நான் அப்பிடிப்பட்டவனே?”

அவள் வெங்காயத்தைச் சட்டிக்குள் தள்ளினாள்.

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. உன்னோடும் மனதுக்குள் பேசவில்லை. பஸ்ஸில் போகவர உன்னை எப்படிப் பிழையாக்கலாம் என்றே யோசித்தேன். எனக்குத் தெரிந்திருந்தால் உன் கையைப் பிடித்து நன்றி சொல்லியிருப்பேன், கட்டிப்பிடித்திருப்பேன் என்றெல்லாம் எனக்கே கதை சொன்னேன். நல்ல கதைதான். ஆனால் அதைக் கேட்டு ஒத்துக்கொள்ள நீ இல்லை. நீ இல்லாமல் என் கதை எதுவும் எடுபடுவதாயில்லை.

முந்தி உன் பாசையில் பொறாமை. கிழவர் உன்னை மகன் என்றதில் பொறாமை. இப்போது இந்த ஒன்றில். மூன்று வருடம் உன் தலைமேல் ஏறி நின்று நான் ஆடியதை, ஒரு வார்த்தையால் நிறுத்தியிருக்கலாம். நீ அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. எனக்கு அது ஒரு நாள்கூட முடியாது. இந்தப் பொறாமை என்னோடு சாகும்வரை இருக்கும், அதைக் கைவிடவும் எனக்கு மனமில்லை.

ஆனால் ஒன்று, மச்சான். தெரிந்திருந்தால் நான் வாங்கியிருக்க மாட்டேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது ஒரு நிலவறைக்குக் குடிபோயிருப்பேன், போகிற வழியெல்லாம் உன்னைத் திட்டியிருப்பேன். என்னைப் பற்றி நீ என் மனைவியிடம் சொன்னது சரி. முழுக்க முழுக்கச் சரி.