ஐந்து வீட்டு ஜாமீன்

பூந்தமல்லி, 16 மார்ச் 1942
இன்று கையெழுத்துப் போட்டுத் தொலைத்தேன். பர்மாவிலிருந்து தப்பி வந்த ஒரு பெண்ணை முகாமிலிருந்து எங்கள் தெரு ஏற்றுக்கொள்கிறது. ஒருவருக்கு ஐந்து வீட்டார் ஒரு வருஷம் ஜாமீன் நிற்க வேண்டும் என்பது நிவாரணக் கமிட்டி விதி. சோறும் துணியும் மற்ற நான்கு வீட்டார் பொறுப்பு. நான் தனியாள், அறை காலி. அதனால் தங்க இடம் என் தலையில். அந்த நால்வரில் ஒருவரான கமிட்டிக் காரியதரிசி ஜானகிராமன் என்னைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டார். பள்ளிக்கூடத்துச் சத்தம் போதாதா எனக்கு? வீட்டிலாவது நிம்மதியாக இருக்கக் கூடாதா?

20 மார்ச்
வந்தவள் சொர்ணம். பக்கத்துப் பாரிவாக்கத்தில் பிறந்து ரங்கூனில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் வரும் வழியில் காய்ச்சலில் போய்விட்டான். அவள் பின்னாலேயே இன்னொருத்தி வண்டியிலிருந்து இறங்கினாள் – அவனுடைய இரண்டாம் தாரம், பர்மாக்காரி, பெயர் மா டின். அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை "அக்கா".

ஜானகிராமன் தெருவிலேயே விசாரணையைத் தொடங்கினார். "நம்ம தேசத்துக்காரா திரும்பி வந்தாதான் அகதி, டீச்சரம்மா. இவ தன் தேசத்தை விட்டுன்னா வந்திருக்கா!"

பிறந்த ஊருக்கு வந்தவள் அகதி. பிறந்த ஊரை இழந்தவள் அகதி இல்லை. இது என்ன நியாயம்?

சொர்ணம் வண்டியைப் பிடித்துக்கொண்டாள். "அவ இல்லாங்காட்டி நானும் இல்ல. வண்டியத் திருப்பு."

கடைசியில், மா டின்னுக்கும் ஐந்து வீட்டார் தனியாகக் கையெழுத்துப் போட வேண்டும்; மே மாதக் கமிட்டிக் கூட்டத்துக்குள் கிடைக்காவிட்டால் அவள் முகாமுக்குத் திரும்ப வேண்டும் என்று முடிவாயிற்று. ஜானகிராமன் மேலிருந்த ஆத்திரத்தில் முதல் கையெழுத்தை நானே போட்டேன். மற்ற நால்வரும் வானத்தைப் பார்த்தார்கள்.

28 மார்ச்
மா டின் மீனை உப்பில் ஊறவைத்து இடித்த ஏதோ ஒன்றை வதக்கினாள். எதிர்வீட்டுக் கோதண்டம் ஓடிவந்து, "டீச்சர், எலி கிலி செத்துக் கீதா?" என்றார். இல்லை, சமையல் என்றேன். இனி இவர் மா டின்னுக்குக் கையெழுத்துப் போட்ட மாதிரிதான்!

(இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.)

2 ஏப்ரல்
இருவருக்கும் காலையிலிருந்து சண்டை, பர்மா பாஷையில். ராத்திரி ஒரே பாயில் தூங்குகிறார்கள். எனக்குத்தான் தூக்கமில்லை.

12 ஏப்ரல்
விசாகப்பட்டினத்தில் குண்டு விழுந்ததாம். அடுத்தது பட்டணம்தானாம். ஆவடியில் பட்டாளம் இருப்பதால் நமக்கும் ஒன்று நிச்சயமாம். தெருவே மூட்டை கட்டிவிட்டது. ஜானகிராமன் ஆரணிக்குப் போகிறார். பசுவுக்கு யார் தண்ணீர் காட்டுவது? சாவியை மா டின்னிடம் கொடுத்துவிட்டு வண்டியேறினார். அதைப் பார்த்து மற்ற மூன்று வீட்டாரும் கொடுத்தார்கள். தெருவில் குடியிருக்கத் தகுதியில்லாதவள் இடுப்பில் தெருவே தொங்குகிறது.

"நீ போகலையா?" என்று சொர்ணத்தைக் கேட்டேன்.

"ஒரு தபா ஓடிட்டோம். போதும்."

எனக்குப் போக இடமில்லை. அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன் – ஆமாம், பயம்தான், வேறென்ன? மா டின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து "அக்கா" என்றாள். என்னை.

30 ஏப்ரல்
ஜப்பான்காரன் வரவில்லை. ஜானகிராமன் வீட்டுப் பசு கன்று போட்டது; பிரசவம் பார்த்தவள் மா டின்.

9 மே
எல்லோரும் திரும்பிவிட்டார்கள். ஜானகிராமன் பாதியாகியிருந்தார். ஆரணியில் சத்திரத்துக்காரன், பட்டணத்துப் பக்கம் சொந்த வீடு இருப்பவருக்கு இடமில்லை என்றானாம். "நாங்க அகதி இல்லையாம், டீச்சரம்மா!" கண் கலங்கிவிட்டது மனுஷருக்கு. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

சாவி கேட்டார். மா டின் எடுக்கப் போனாள். சொர்ணம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா சாமி, நீதான் இந்த ஊட்டுக்காருன்னு யாரு ஜாமீன்? அஞ்சு ஊட்டுக்காரங்கள இட்டாந்து கையெழுத்துப் போடச் சொல்லு."

கத்தினார். வெயில் ஏறியது. பின்னால் மற்ற மூவரும் மூட்டையோடு நின்றார்கள். கடைசியில் தன் பெட்டிமேலேயே உட்கார்ந்து, "பேனா கொண்டு வாங்கோ" என்றார். மா டின்னின் ஜாமீன் காகிதத்தில் அவர் போட்டதும் மூவரும் போட்டார்கள்; என்னோடு ஐந்து. மா டின் சாவிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கொடுத்தாள்.

16 மே
ஜானகிராமன் வந்தார். கன்றுக்குட்டி விஷயத்தில் மா டின் மேல் அவருக்கு ஒரே மரியாதை. தன் பின்கட்டில் இரண்டு அறை காலியாம். இருவரும் அங்கே வந்துவிடலாமாம். "உங்களுக்கும் பழையபடி நிம்மதி."

அதெல்லாம் முடியாது என்று கத்தி அனுப்பிவிட்டேன். சொர்ணம் உள்ளிருந்து, "இன்னாத்துக்கு டீச்சர் அவர அந்தக் கத்து கத்தின?" என்றாள். குண்டு விழும் என்றபோதுகூட எனக்கு இவ்வளவு பயம் வரவில்லை.